மாங்கூழ் ஆலையின் வெந்நீர்த் தொட்டி: 304 விரிசல் விட்ட இடத்தில் 2205

பரதராமியைத் தாண்டிச் சித்தூர் போகும் வழியில், ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஒரு மாங்கூழ் ஆலைக்கு வெந்நீர்த் தொட்டி ஒன்றை 2205 என்ற ரகத் துருப்பிடிக்கா எஃகில் புதிதாகச் செய்துகொடுத்தோம். பழைய தொட்டி 304 ரகத் துருப்பிடிக்கா எஃகால் ஆனது. தகடு 3 மி.மீ. கனம், விட்டம் 1.2 மீட்டர், கொள்ளளவு இரண்டாயிரம் லிட்டர். உள்ளே நீராவிச் சுருள் ஓடும். தண்ணீர் 85 டிகிரி செல்சியஸில் நிற்கும். பெங்களூரா மாம்பழம் வந்து குவியும் ஜூன், ஜூலை மாதங்களில் கூழ் எடுக்கும் எந்திரங்களையும் குழாய்களையும் கழுவ இந்தத் தண்ணீரையே நம்பியிருக்கிறார்கள். தொட்டி கசியத் தொடங்கி, கசிந்த இடத்தை வெல்டிங் செய்து அடைத்து, அடைத்த இடத்திலிருந்து விரற்கடை தள்ளி மீண்டும் கசிந்து, இப்படியே சில பருவங்கள் ஓடியிருந்தன. அடைத்த வெல்டிங்கின் பக்கத்திலேயே புது விரிசல் வருவது தற்செயல் அல்ல. எங்கள் தேடல் முழுவதும் அந்த அறிகுறியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது.

ஆலை உரிமையாளருக்கு வேறு சந்தேகம் இருந்தது. 304 என்று சொல்லி 202 தகட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். இந்தப் பக்கத்தில் அது நடக்காத காரியமும் அல்ல. வீட்டு வாசற்கதவு, மாடிப்படிக் கைப்பிடி, மலிவான பாத்திரம் என்று 202-ம் அதன் உறவினர்களும் எங்கும் பரவியிருக்கின்றன. நிக்கலைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தை மாங்கனீசாலும் நைட்ரஜனாலும் நிரப்பிய உலோகம் அது. 304-இல் சுமார் 8 முதல் 10 சதவீதம் நிக்கல் இருக்கும் என்றால், 202-இல் 4 முதல் 6 சதவீதம் நிக்கலும் 7.5 முதல் 10 சதவீதம் மாங்கனீசும் இருக்கும். காந்தம் இரண்டிலுமே ஒட்டாது என்பதால், கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டுவதில் எந்தப் பொருளும் இல்லை. பழைய இரும்பு வாங்கும் பெரிய வியாபாரிகளிடம் இருக்கும் எக்ஸ்-கதிர்த் துப்பாக்கியைக் கொண்டு தொட்டியின் பல இடங்களில் பார்த்தோம். குரோமியம் 18, நிக்கல் 8 என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வந்தது. தகடு உண்மையான 304 தான், விற்றவர் ஏமாற்றவில்லை.

அடுத்த சந்தேகம் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு உடனே வருவது. 304 எஃகை ஏறத்தாழ 450 முதல் 850 டிகிரி வரையிலான வெப்பத்தில் அதிக நேரம் வைத்தால், அதிலுள்ள கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு படிகங்களின் எல்லைகளில் கார்பைடாகப் படியும். எல்லையை ஒட்டிய பகுதியில் குரோமியம் குறைந்து, அரிப்பு அந்த வழியாக நுழையும். வெல்டிங்கின் இருபுறமும் இது நடக்கக்கூடும் என்பதால்தான் கார்பனை 0.03 சதவீதத்துக்குள் அடக்கிய 304 எல் என்ற ரகம் வந்தது. துப்பாக்கியால் கார்பனை அளக்க முடியாது. ஆகவே அது 304-ஆ, 304 எல்-ஆ என்பதை அதனால் சொல்ல இயலாது. விரிசல் உள்ள ஒரு துண்டை அறுத்துச் சென்னையில் உள்ள உலோக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். நுண்ணோக்கிப் படத்தில் விரிசல் படிக எல்லைகளைச் சுற்றிப் போகாமல் படிகங்களை ஊடறுத்துக்கொண்டு, வேப்பமரக் கிளையைப் போலப் பிரிந்து பிரிந்து ஓடியிருந்தது. இது குளோரைடும் இழுவிசையும் சூடும் சேர்ந்து உண்டாக்கும் விரிசலின் முகம். 304 எல் தீர்ப்பது வேறு நோயை. இந்தத் தொட்டியை 304 எல் தகட்டில் மறுபடியும் செய்திருந்தால் விரிசலும் மறுபடியும் வந்திருக்கும்.

மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்த விரிசல் வராது என்பதால், மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தோம். தண்ணீர் ஆலையின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது. அதில் குளோரைடு லிட்டருக்கு 410 மில்லிகிராம் இருந்தது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, குளோரைடுக்கு 250 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1000 மில்லிகிராம் வரை அனுமதிக்கத்தக்க அளவாகவும் வைத்திருக்கிறது. மனிதர் குடிக்கத் தடையில்லாத தண்ணீர் என்பதற்காக அது எஃகுக்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குளிர்ந்த நீரிலேயே 304-க்கு 200 மில்லிகிராமை ஒட்டித்தான் பொதுவாக எல்லை வைப்பார்கள். சூடு ஏற ஏற அந்த எல்லை கீழே இறங்கும். மேலும், தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டும் நிரப்பப்பட்டுக்கொண்டும் இருப்பதால் உப்பு உள்ளேயே சேரும். ஓட்டத்தில் இருந்த தொட்டியில் எடுத்த மாதிரியில் குளோரைடு 700-ஐ நெருங்கியிருந்தது. நீர்மட்டம் ஏறி இறங்கும் கோட்டிலும், சுண்ணாம்புப் படிவத்தின் அடியிலும் அது பல மடங்கு ஏறியிருக்கும். நாங்கள் கண்ட விரிசல்களில் பெரும்பாலானவை அந்த இடங்களில்தான் இருந்தன.

சூட்டைக் குறைக்க வழியில்லை. இந்த வகை விரிசலுக்கு 50, 60 டிகிரிக்கு மேல்தான் வேகம் பிறக்கும். கழுவும் வேலைக்கு 85 டிகிரி வேண்டும்.

இழுவிசையின் கதை சுவையானது. வெல்டிங் குளிர்ந்து சுருங்கும்போது தகட்டின் உள்ளே தங்கிவிடும் இழுவிசையே பெரும் பங்கு. அடைப்பு வெல்டிங் ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் புதிய இழுவிசைப் பகுதியை உண்டாக்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால், உடலின் நடுவில் ஒரு வரிசை விரிசல்கள் எந்த நாசிலையும் (குழாய் இணையும் கழுத்தையும்) ஒட்டாமல் தொட்டியைச் சுற்றிக் கிடைமட்டமாக ஓடியிருந்தன. வெளியே பார்த்தால், அதே உயரத்தில், கால்களைத் தாங்குவதற்காகச் சாதாரண இரும்புப் பட்டை ஒன்றை நேராகத் தகட்டின் மேல் வெல்டிங் செய்திருந்தார்கள். தொட்டியின் சுற்றளவு ஏறக்குறைய 3.8 மீட்டர். 30 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்குப் போகும்போது 304 தகடு சுற்றளவில் மூன்றரை மில்லிமீட்டர் விரிய வேண்டும். இரும்புப் பட்டை இரண்டரை மில்லிமீட்டர்தான் விரியும். மீதி ஒரு மில்லிமீட்டரைப் பட்டை விடாது. பட்டை இறுக்கும் இடத்தில் உடல் உள்நோக்கி வளைகிறது. வளைவின் உள்பரப்பு, அதாவது தண்ணீர் தொடும் பரப்பு, மேலும் கீழுமாக இழுபடுகிறது. அந்த இழுப்புக்குக் குறுக்காகவே விரிசல் ஓடியிருந்தது.

இதற்குப் பிறகு உலோகத்தைத் தேர்ந்தெடுப்பது எளிதாகியிருக்க வேண்டும். ஆனால் எல்லாரும் ஒரே குரலில் 316 என்றார்கள். 316 நல்ல உலோகம்தான். அதிலுள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் குளோரைடு தோண்டும் குழி அரிப்பைத் தள்ளிப்போடும். குழி அரிப்பைத் தாங்கும் திறனை ஒப்பிட எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: குரோமிய சதவீதத்துடன் மாலிப்டினத்தின் 3.3 மடங்கையும் நைட்ரஜனின் 16 மடங்கையும் கூட்டுவது. 304-க்கு அது 18, 19 அளவில் வரும். 316-க்கு 24-ஐ ஒட்டி. 2205-க்கு 35-ஐ ஒட்டி. ஆனால் இந்தக் கணக்கு குழி அரிப்புக்கு உரியது, விரிசலுக்கு உரியது அல்ல. விரிசலைப் பொறுத்தவரை நிக்கல் 8 முதல் 10 சதவீதம் உள்ள எஃகுதான் மிகவும் நொய்ந்தது. நிக்கல் மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் தாங்கும் திறன் ஏறும். 316-இன் நிக்கல் 10 முதல் 14 சதவீதம். 304-ஐவிடக் கொஞ்சம் தாமதமாக விரிசல் விடும், அவ்வளவுதான். கூடுதல் விலை கொடுத்துச் சில பருவங்களை வாங்குவதற்கு நான் உடன்படவில்லை.

நிக்கலே இல்லாத 444 இந்த வேலைக்குப் பொருந்தும். 18 சதவீதம் குரோமியமும் 2 சதவீதம் மாலிப்டினமும் கொண்ட அந்த எஃகு வெந்நீர்த் தொட்டிகளுக்கென்றே பெயர் பெற்றது. ஆனால் ஒற்றைத் தொட்டிக்கு வேண்டிய அளவில் எங்களுக்குத் தகடு கிடைக்கவில்லை. எஞ்சியது 2205. காந்தம் ஒட்டும் ஃபெரைட் படிகம் பாதி, 304-இல் உள்ளதைப் போலக் காந்தம் ஒட்டாத ஆஸ்டெனைட் படிகம் பாதி என்ற இரட்டைக் கட்டமைப்பு. குரோமியம் 22, நிக்கல் 5, மாலிப்டினம் 3 என்ற அளவுகளைச் சுற்றி நிற்கும் கலவை. ஆஸ்டெனைட்டில் தொடங்கும் விரிசலை ஃபெரைட் மறிக்கும். வெப்ப விரிவும் 304-ஐவிடக் குறைவு, சாதாரண இரும்புக்கு அருகில் நிற்கும். தகடு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் இழுவிசை 450 மெகாபாஸ்கல். 304-இன் 205-க்கு இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் தகட்டை 2 மி.மீ. ஆகக் குறைத்துப் பணத்தை மிச்சம் பிடிக்கலாமே என்று உரிமையாளர் கேட்டார். வலிமைக்கு அது போதும். ஆனால் விறைப்பு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மெல்லிய தகட்டில் செய்தால் காலியாக இருக்கும்போது உடல் தகரம் மாதிரி அதிரும், வெல்டிங்கில் நெளியும். 3 மி.மீ. என்பதில் நான் இறங்கவில்லை.

தகட்டைச் சென்னை பாரிமுனை செம்புதாஸ் தெரு வியாபாரி ஒருவர் மூலம் வாங்கினோம். எஃகு ஆலையின் சான்றிதழில் இருந்த ஹீட் எண்ணும் (எந்த உருக்கிலிருந்து வார்த்தது என்று காட்டும் எண்) தகட்டின் மேல் அச்சடித்த எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே சரிபார்த்தோம். அறுத்த துண்டுகளுக்கும் அந்த எண்ணைப் பெயிண்டு பேனாவால் மாற்றி எழுதிவைத்தோம். குளோரைடு கலக்காத மை உள்ள பேனா இதற்கு வேண்டும். தகடு ஆலைக்கு வந்த அன்று மேற்பார்வையாளர் சாவிக்கொத்தில் இருந்த காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு, “அண்ணா, காந்தம் ஒட்டுதே! இது எவர்சில்வரே இல்ல” என்று அலறிவிட்டார். பாதி ஃபெரைட் இருந்தால் ஒட்டத்தான் செய்யும். சான்றிதழைக் காட்டியும் அவர் முகம் தெளியவில்லை. துப்பாக்கியை மறுபடியும் வரவழைத்து 22, 5, 3 என்ற எண்களைத் திரையில் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டார். இந்த ஊரில் 2205 விற்கப் போகிறவர்கள் காந்தத்துக்கான பதிலை முன்கூட்டியே தயார் செய்துகொள்வது நல்லது.

பட்டறையில் முதல் வேலை சுத்தம். சாதாரண இரும்பில் ஓடிய அரைச்சக்கரம், இரும்புக் கம்பித் தூரிகை, இரும்புத் தூள் படிந்த மேசை எதுவும் இந்தத் தகட்டைத் தொடக் கூடாது. பதிந்த இரும்புத் துகள் துருப்பிடித்து, அந்தத் துருவின் அடியில் குழி தொடங்கும். புதுச் சக்கரங்கள் வாங்கிப் பச்சைப் பெயிண்டு பூசித் தனிப் பெட்டியில் பூட்டிவைத்தோம். தகட்டை உருட்டிய இடத்தில் உருளைகளைத் துடைத்து, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக் கழற்றாமலேயே உருட்டச் சொன்னோம். 304-க்குப் பழகியவருக்கு 2205 பிடிவாதமாகத் தெரியும். அழுத்தியதும் வளைந்து, விட்டதும் நன்றாகத் திரும்பிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் சுற்றுகள் கொடுத்துத்தான் வட்டத்துக்குக் கொண்டுவர முடிந்தது. துளையிடும்போது கோபால்ட் துளைப்பானை மெதுவாகச் சுழற்றி அழுத்திப் பிடிக்க வேண்டும். பட்டும் படாமலும் உரசினால் பரப்பு இறுகிப்போய், அடுத்த துளைப்பானையும் தின்றுவிடும்.

ஆர்கான் வெல்டிங்கில் 2205-க்கு இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்க முடியாது. முதலாவது, நிரப்புக் கம்பி இல்லாமல் தகட்டை மட்டும் உருக்கி ஒட்டக் கூடாது. அப்படி ஒட்டினால் வேகமாகக் குளிரும் இணைப்பில் ஃபெரைட் மிகுந்து, இணைப்பு நொறுங்கும் தன்மை பெறும். நிக்கல் 9 சதவீதத்தை ஒட்டி உள்ள 2209 கம்பி இதற்காகவே செய்யப்படுவது. மெல்லிய 304-ஐக் கம்பி இல்லாமல் ஒட்டிப் பழகிய வெல்டர்களுக்கு இந்தப் பழக்கம் விடுவதில்லை. ஆகவே விளிம்புகளை ஒட்டிவைக்காமல் 2 மி.மீ. இடைவெளி விட்டே பொருத்தினோம், கம்பி இல்லாமல் மூடவே முடியாதபடி. இரண்டாவது, ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் தகடு 150 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானி பளபளப்பான எஃகின் மேல் குறைத்துக் காட்டும். அதை நம்பாமல் வெப்பச் சுண்ணாம்புக் குச்சியால் கோடு போட்டு, அது உருகவில்லை என்று பார்த்த பின்னரே அடுத்த ஓட்டத்தைத் தொடங்கினோம்.

பின்பக்கத்துக்கும் ஆர்கான் கொடுத்தோம். இணைப்பின் பின்னால் தகரச் சட்டம் ஒன்றை அலுமினிய நாடாவால் ஒட்டி, உள்ளே வாயுவை நிரப்பி, காற்று வெளியேறக் காத்திருந்து வெல்டிங் செய்வது. ஆக்சிஜன் அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. அதற்குப் பதில் மாதிரித் துண்டுகளில் நிறத்தைப் பார்த்தோம்: வெள்ளியும் வெளிர் வைக்கோல் நிறமும் வந்தால் சரி, நீலம் வந்தால் வாயு போதவில்லை, கருத்துச் சர்க்கரை போலப் பொரிந்திருந்தால் அந்தத் துண்டு குப்பைக்கு. அதே மாதிரித் துண்டு ஒன்றை ஆய்வுக்கூடத்தில் கொடுத்ததில் இணைப்பின் ஃபெரைட் ஐம்பது சதவீதத்தை ஒட்டி வந்தது. விரிசல் சோதனைக்குச் சிவப்புச் சாயமும் வெள்ளைப் பூச்சும் பயன்படுத்தும்போது, குளோரின் சேர்மம் இல்லாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். மலிவானவை எல்லாம் அப்படி இருப்பதில்லை.

இரும்புப் பட்டையை ஒழித்தோம். நான்கு கால்களுக்கும் முதலில் 2205 தகட்டில் மூலை வளைத்த அட்டை; அந்த அட்டையின் மேல்தான் இரும்புக் கால், துருப்பிடிக்கா எஃகையும் இரும்பையும் ஒட்டும் 309 எல் கம்பியால். குழாய்களைப் போல்ட்டால் இணைக்கும் வளையங்களான ஃபிளேஞ்சுகளைச் சாதாரண இரும்பிலேயே, நாசிலோடு ஒட்டாமல் சுழலும்படி செய்தோம். தண்ணீர் தொடுவது 2205 கழுத்துப்பட்டை மட்டும். தட்டையாக இருந்த அடிப்பாகம் கூம்பாகி, கடைசித் துளி வரை வடியும்படி ஆனது. பழைய தொட்டியில் பருவம் முடிந்த பிறகு அடியில் தேங்கிய தண்ணீர் மாதக்கணக்கில் வற்றி உப்பாக நின்றிருக்கிறது.

நீராவிச் சுருள்தான் என்னைத் தூங்கவிடாத பகுதி. முன்பு 3 பார் அழுத்தத்தில், அதாவது 143 டிகிரிக்கு மேல், நீராவி அதில் ஓடியது. அந்தச் சூட்டில் படிவத்தின் அடியில் உப்பு செறிந்தால் 2205-க்கும் நான் உத்தரவாதம் தர மாட்டேன். அழுத்தத்தை அரை பாருக்கு இறக்கினால் நீராவி 111 டிகிரியில் நிற்கும். குறைந்த சூட்டை ஈடுகட்டச் சுருளின் நீளத்தைக் கூட்டினோம். தொட்டிக்குள் வரும் தண்ணீரை மென்னீராக்கியின் வழியாக விட்டோம். மென்னீராக்கி கால்சியத்தை எடுத்துச் சோடியத்தைக் கொடுக்கும்; குளோரைடு அப்படியே இருக்கும். ஆனாலும் படிவம் குறைந்தால் உப்பு ஒளிந்துகொள்ள இடம் குறையும். வாரம் ஒருமுறை தொட்டியை முழுவதும் வடித்து நிரப்ப வேண்டும் என்று பலகையில் எழுதி மாட்டினோம். சுருளை மொத்தமாக வெளியே இழுத்துப் பார்க்கும்படி ஃபிளேஞ்சில் பொருத்தியிருக்கிறோம். என்றாவது விரிசல் விட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

வெல்டிங்கின் நிறத்தைப் போக்க நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் கலந்த பசை. 304-ஐவிட 2205-இல் இதை அதிக நேரம் விட வேண்டும். இந்தப் பசையை அலட்சியமாகக் கையாளும் பட்டறைகள் அதிகம்; தோலில் பட்டால் முதலில் வலிகூட இல்லாமல் உள்ளே இறங்கி எலும்பு வரை அரிக்கும் அமிலம் அது. கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் டப்பாவைத் திறக்க விடவில்லை. கழுவிய தண்ணீரைச் சுண்ணாம்பால் சமன்செய்து, பி.எச். தாளில் பார்த்த பிறகே அப்புறப்படுத்தினோம், பக்கத்தில் மாந்தோப்பு. கடைசிக் கழுவலுக்கும் கசிவுச் சோதனைக்கும் ஆழ்துளைத் தண்ணீரைத் தொடாமல் ஆலையின் ஆர்.ஓ. தண்ணீரை எடுத்தோம். ஈரத்தோடு ஓர் இரவு விட்டுக் காலையில் பார்த்தபோது கால் அட்டை ஒன்றின் ஓரத்தில் மட்டும் துருவின் செம்புள்ளிகள் தெரிந்தன. அந்த இடத்துக்கு மீண்டும் பசை போட்டுக் கழுவினோம்.

வெளியே காப்புப் பஞ்சு சுற்றும் முன் தொட்டியின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, பஞ்சின் மேல் போட்ட தகரத்தின் மூட்டுகளை மழைநீர் புகாதபடி அடைத்தோம். நனைந்த பஞ்சிலிருந்து கசியும் குளோரைடு வெளிப்பக்கமிருந்து வேலையைத் தொடங்கிவிடும். ஆள்நுழை மூடிக்கு ஏ4 (316-க்கு இணையான ரக) போல்ட்டுகள், மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசையோடு. துருப்பிடிக்கா எஃகு மரைகள் ஒன்றையொன்று கடித்துப் பூட்டிக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

பருவம் முடிந்து மூடியைத் திறந்தபோது உடலிலும் நாசில்களிலும் சாயச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. சுருளின் வளைவுகளில் மெல்லிய பழுப்புப் படிவம் இருந்தது. சிட்ரிக் அமிலக் கரைசலில் அது போய்விட்டது, அடியில் குழி இல்லை. பழைய வழக்கப்படி ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தொட்டியைக் கழுவ ஒருவர் வாளியோடு நின்றிருந்தார். அதைத் தடுத்து, பெராசிட்டிக் அமிலத்துக்கு மாற்றச் சொன்னோம்.

இப்போது உரிமையாளர் கூழ் காய்ச்சும் நீராவிக் கெட்டில்களையும் 2205-க்கு மாற்றச் சொல்கிறார். அவை 316 எல். மாங்கூழின் பி.எச். 4-ஐ ஒட்டி இருக்கும்; அந்தப் புளிப்பு 316 எல்-க்கு ஒரு பொருட்டே அல்ல, கூழில் குளோரைடும் சொற்பம். வெளிச்சட்டையில் ஓடுவது நீராவியும் அதன் வடிநீரும். அதிலும் உப்பு இல்லை. காய்ச்சி முடித்த சூட்டிலேயே ஆழ்துளைத் தண்ணீரை ஊற்றிக் கழுவி, அப்படியே காயவிடுவதுதான் அங்கே உள்ள ஒரே ஆபத்து. கெட்டில்களுக்கு மேலே ஆர்.ஓ. தண்ணீர்க் குழாய் ஒன்றை இழுத்து, கடைசிக் கழுவலை அதில் செய்தால் போதும். அந்தக் குழாய்க்கான மதிப்பீட்டைத்தான் கொடுத்திருக்கிறேன், கெட்டிலுக்குக் கொடுக்கவில்லை.